வால் அசையாத பாசி

புனே
14.6.2014

அன்புள்ள அண்ணிக்கு,

தமிழ்மொழி எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது, துணிதான் காய்வதில்லை. நீங்களும் அண்ணனும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனுக்கு இருமல் குறைந்ததா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேற்று நடந்ததைத்தான் பார்த்தீர்களே. உங்களிடம் பேச வேண்டும் என்றேன். "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு "ம்", "சரி", "சாப்ட்டேன்" தவிர உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்கப் பார்த்தேன். ஆகவே இனிமேல் கடிதம்தான். வீட்டுக்குப் போட மாட்டேன், மெயின் பஜாரில் உங்கள் தையல் கடை முகவரிக்கே போடுகிறேன்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அம்மா பழத்தட்டோடு நெல்லிக்குப்பம் போய்வந்தாளாமே, எதற்கு? அங்கே தங்கராசு மாமா இருக்கிறார், சரி. மாமாவுக்குக் கல்யாண வயதில் மகள் கலைமதி இருக்கிறாள், நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். கூடப் பிறந்த தம்பிக்கு அம்மா இதுவரை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப்போனதாக எனக்கு நினைவில்லை. உங்களுக்கும் அண்ணனுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் குழந்தை இல்லை என்பதற்காக அவள் ஏதாவது கோணல் வேலை பார்க்கிறாள் என்றால் எனக்கு உடனே எழுதுங்கள். நான் சும்மா இருக்க மாட்டேன்.

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று போன தீபாவளிக்குக் கேட்டீர்கள், நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். குளத்தில் பச்சையாக இருக்குமே பாசி, அதில் ஒரு வகை. ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு. முன்பக்கம் இரண்டு நுண்ணிய வால்கள். நாம் கிணற்றில் கையை விரித்து நீந்துவோம் இல்லையா, அதுபோல அவற்றை அடித்து நீந்தும். அந்த வாலை எது அசைக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு நாங்கள் ஒரு ஜீனின் வாயை அடைக்கிறோம். உங்கள் கடையை வைத்துச் சொன்னால், ஜீன் என்பது அளவு நோட்டு. அதிலிருந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதித்தான் வெட்டுகிறவரிடம் கொடுப்பீர்கள். நாங்கள் நோட்டைத் தொடுவதில்லை, சீட்டை மட்டும் வழியிலேயே கிழித்துவிடுகிறோம். சட்டை வரும், ஆனால் கை இல்லாமல் வரும். எந்தச் சீட்டைக் கிழித்தால் வால் நிற்கிறது என்று பார்த்தால், எது வாலை அசைக்கிறது என்று தெரிந்துபோகும்.

நீந்தாத பாசியெல்லாம் குழாயின் அடியில் பச்சையாகப் படிந்து கிடக்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம், என்ன பிழைப்போ!

அம்மா விஷயத்துக்குப் பதில் போடுங்கள். மழுப்பாதீர்கள்.

அன்புடன்,
தமிழ்

*

நெய்வேலி
2.7.2014

அன்பு நாத்தனார் தமிழ்மொழிக்கு,

செவ்வந்தி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் அண்ணனுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். இருமலுக்கு என்ன சொல்வது, அது நம் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை, தூசி உள்ளே போகாமல் இருக்குமா என்கிறார். கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூக்கடைப்பு, காதில் சீழ் எல்லாம் வழக்கம்போல.

பழத்தட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாமா வீட்டில் மாடியில் புதிதாக ஒரு ரூம் கட்டியிருக்கிறார்கள், அதற்காக இருக்கும். நீ எதையாவது நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து கொதிக்காதே.

பள்ளிக்கூடம் திறந்ததால் யூனிபார்ம் வேலை நிமிர விடவில்லை. பக்கத்து வீட்டு விஜயகுமாரி அக்கா மகளுக்குப் போன ஞாயிறு வளைகாப்பு. அவளுக்குப் பட்டு ஜாக்கெட் நான்தான் தைத்துக் கொடுத்தேன், கையில் மாங்காய் டிசைன் வைத்து. நன்றாக வந்தது. வேலை இருந்ததால் விசேஷத்துக்கு நான் போகவில்லை, அத்தை போய்வந்தார்கள்.

உன் பாசியைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். புரிந்தது. ஒரு சந்தேகம். வால் அசையாத அந்தப் பாசி உயிரோடுதான் இருக்குமா? மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லையா? அதை அசைய வைக்க ஏதாவது வழி உண்டா? சும்மாதான் கேட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் துணியைப் போட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
செவ்வந்தி

*

புனே
20.7.2014

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் அனைவரின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன், அம்மாவின் முழங்காலையும் சேர்த்துத்தான்.

முதலில் உங்கள் சந்தேகம். அந்தப் பாசி உயிரோடுதான் இருக்கும். வெளிச்சத்தில் சாப்பாடு செய்துகொள்ளும், வளரும், இரண்டாகப் பிரியும், ஒரு குறையும் இல்லை. நீந்தாது, அவ்வளவுதான். அதற்கு இல்லாததை நாங்கள் திருப்பிக் கொடுத்தால் நீந்தும்.

இரண்டாவது, சபையில் என் மானம் போன கதை. போன வாரம் ஒரு டாக்டர் இங்கே வந்து பேசினார். பாசிக்கு வாலை அசைக்கிற அதே பொறிதான் மனிதனுக்கும். நம் மூச்சுக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. ஆணின் விந்தணுவுக்கும் அதே வால்தான். பிறவியிலேயே அந்தப் பொறி பழுதாக இருப்பவர்கள் உண்டு. சளி வெளியேறாது. பிறந்ததிலிருந்து இருமல், மூக்கடைப்பு, காதுச் சீழ். இன்னொன்றும் சொன்னார். கருவில் இருக்கும்போது இதயம் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதும் இப்படிப்பட்ட வால்களின் சுழற்சிதான். அது நின்றுபோனால் பாதிப் பேருக்கு எல்லாம் இடம் வலம் மாறிவிடும். அப்படி ஒருவரின் எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் சிரித்தேன் தெரியுமா? அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது, காசநோயா என்று பார்க்க வடலூரில் ஒரு கடையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயம் வலது பக்கம் இருந்தது. "படத்த திருப்பிப் போட்டுட்டு எங்கிட்டயே பொய் சொல்றியா?" என்று அப்பா அந்த ஆளோடு மல்லுக்கு நின்றார். இன்னொரு முறை எடுத்தும் அப்படியே வந்தது. தொல்லை விட்டால் போதும் என்று அந்த ஆள் படத்தைத் திருப்பி, பெயர்ச் சீட்டை மறுபக்கம் ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் அப்பா எங்களுக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தார். இதை எத்தனை தீபாவளிக்குச் சொல்லிச் சிரித்திருப்போம்!

சிரித்து முடித்ததும்தான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன், அண்ணி. இருமல், மூக்கு, காது, வலது பக்க இதயம். குழந்தையும் இல்லை. நான் டாக்டர் இல்லை, தப்பாகவும் இருக்கலாம். நீங்கள் ஒன்று செய்யுங்கள். இரவு ஷிப்ட் முடித்து அண்ணன் பகலில் தூங்கும்போது, நெஞ்சில் இடது பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு வலது பக்கம் கேளுங்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தமிழ்

*

புனே
31.8.2014

அண்ணிக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்றெல்லாம் இன்று எழுத என் கை வரவில்லை. ஆறு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. போனிலும் "ம்" தான்.

நேற்று அம்மா கூப்பிட்டாள். பாயசம் வைத்த சந்தோஷம் குரலில். "தையில அண்ணனுக்கும் கலைமதிக்கும் முடிச்சிடலாம்னு பேசிகினு இருக்கறோம். செவ்வந்தி சம்மதிச்சிட்டா. கையெழுத்தே போட்டுத் தரேன்னுது, தங்கமான பொண்ணு" என்றாள். தங்கமான பொண்ணாம்! ஆறு வருஷமாகத் தகரமாக இருந்த நீங்கள் இப்போதுதான் தங்கமானீர்களா?

நீங்கள் என்ன மண்ணாங்கட்டிக்குச் சம்மதித்தீர்கள்? பண்ருட்டி லேடி டாக்டர் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அதை நானே படித்தேன். அண்ணனை ஒரு தடவையாவது எந்த டாக்டராவது பார்த்தாரா? அவன் ஆம்பளை, அவனுக்கு எதற்குப் பரிசோதனை? வேண்டுதல் உங்களுக்கு, விரதம் உங்களுக்கு, வேப்பிலைச் சாறும் உங்களுக்கு. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு டி.வி. பார்ப்பான்.

மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்வது குற்றம், அண்ணி. நீங்கள் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் அது குற்றம்தான். அதைவிட, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? இரண்டு வருஷம் கழித்து அவளையும் வேப்பிலை குடிக்கச் சொல்வார்களா?

காதை வைத்துக் கேட்டீர்களா இல்லையா? அதையாவது எழுதுங்கள்.

தமிழ்

*

நெய்வேலி
12.9.2014

அன்பு தமிழுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கோபத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதே.

நீ கேட்டதற்குப் பதில், வலது பக்கம்.

அதற்காக இப்போது காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். இடது பக்கம் தலை வைத்தால் ஒன்றும் கேட்காது. "உங்களுக்கு மனசே கெடையாதா?" என்று கேட்பேன், அவர் சிரிப்பார். அது இப்படி ஒரு விஷயம் என்று தெரியாது.

இத்தோடு இதை விட்டுவிடு. அத்தையிடம் சொல்லாதே. அவருக்கும் எழுதாதே. என் மேல் உனக்குப் பிரியம் இருந்தால் இதைக் கேள்.

செவ்வந்தி

*

புனே
20.9.2014

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருங்கள். நான் நலமாக இல்லை, கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

விட முடியாது. பிரியம் இருப்பதால்தான் விட முடியாது. அண்ணனுக்கு வந்தது தூசியால் மட்டும் வந்த இருமல் இல்லை. அது பிறவிக் கோளாறாக இருந்தால் நுரையீரலைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும். அதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்தக் கோளாறு அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று சேர்ந்தால்தான் வரும். அம்மா கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. இப்போது மகனுக்கும் சொந்தத் தம்பி மகளையே பார்க்கிறாள், என்ன சாமர்த்தியம்!

உங்களிடம் மறைக்கவில்லை. அண்ணனுக்கு எல்லாவற்றையும் விளக்கித் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். பரிசோதனை செய்துகொள், அதற்குள் நெல்லிக்குப்பம் பக்கம் தலைவைக்காதே என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் திட்டினாலும் சரி.

அன்புடன்,
தமிழ்

*

நெய்வேலி
10.10.2014

தங்கை தமிழ்மொழிக்கு,

செங்குட்டுவன் எழுதியது. இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. அப்பா உன்னைப் படிக்க வைத்தது குடும்பம் தலைநிமிர. அண்ணனுடைய அந்தரங்கத்தை எழுதி வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்ப இல்லை. நல்லவேளை அம்மா பிரிக்கவில்லை. பாசி ஆராய்ச்சியைப் பாசியோடு வைத்துக்கொள். கடலூரில் அத்தனை பெரிய டாக்டரே கையை விரித்துவிட்டார், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?

செவ்வந்தி மனப்பூர்வமாகச் சம்மதித்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ வர வேண்டாம். கார்த்திகையில் நிச்சயம். வருவதானால் தங்கையாக வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்

*

புனே
16.10.2014

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எந்தக் கடலூர் டாக்டர்? நீங்கள் போனது பண்ருட்டிக்கு. கடலூருக்குப் போனது யார்? எதற்குக் கையை விரித்தார்? அண்ணன் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், படியுங்கள். அவனே வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அவனுக்குத் தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டே உங்களை மலடி என்று தெருவே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தான், இல்லையா? உங்களுக்கும் தெரியும். வால் அசையாத பாசி உயிரோடு இருக்குமா என்று நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பாசியைப் பற்றி நினைத்துக்கொண்டு பெருமையாகப் பதில் எழுதிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு அவன் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு உங்கள் மேலும் இருக்கிறது. இனி "சும்மாதான் கேட்டேன்" என்று எழுதினால் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன்.

தமிழ்

*

நெய்வேலி
27.10.2014

அன்பு தமிழுக்கு,

தீபாவளிக்கு நீ வராததால் வீடு வெறிச்சென்று இருந்தது. சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கடையில் இன்று ஆள் இல்லை, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கடலூர் போனோம். அத்தையிடம் சினிமாவுக்கு என்று சொன்னோம். அந்த டாக்டர் நல்ல மனுஷர். மைக்ராஸ்கோப்பை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "எல்லாம் உயிரோட இருக்கு. ஆனா ஒண்ணுகூட அசையலம்மா" என்றார். அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. வடலூரில் இறக்கிவிட்டேன். சபைக்கு வெளியே மதில் ஓரமாக உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "இது வெளிய தெரிஞ்சா பெல்ட்டுல வுழுந்துடுவேன் செவ்வந்தி. டாக்டர் சொன்னத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்ல நான் வுட மாட்டேன்" என்றார். பண்ணினேன். எனக்கு அப்போது குழந்தையைவிட அவர்தான் பெரிதாக இருந்தார்.

அவரே வாய்விட்ட பிறகு இன்று உனக்கு எழுதும்வரை என் சத்தியத்தை நான் காப்பாற்றினேன், தமிழ். அவர் தன் வார்த்தையை ஒரு வாரம்கூடக் காப்பாற்றவில்லை. தெருக்குழாயில் வைத்து அத்தை என்னைச் சொன்னபோது அவர் வாசலில் நின்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வளைகாப்புக்கு நான் வேலையால் போகாமல் இல்லை. "தச்சிக் குடுத்தா போதும், வர வேணாம்னு சொல்லுங்க" என்று விஜயகுமாரி அக்கா அத்தையிடம் சொல்லி அனுப்பினார். என் கை பட்ட ஜாக்கெட் ஆகும், என் முகம் ஆகாது. அன்றைக்கும் உன் அண்ணன் வாய் திறக்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன் என்றது ரோஷத்தில் சொன்னது. "இவரே வேணாம்னு சொல்லட்டுமே பாப்போம்" என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சொல்லவில்லை. எதற்கு இன்னொரு கல்யாணம், உங்களுக்குத்தான் தெரியுமே என்று தனியாகக் கேட்டேன். "அம்மா ஆசைக்கு ஒருதடவ தலையாட்டிட்டா அப்புறம் ரெண்டு பேருக்குமே சாமி குடுக்கலன்னு வுட்டுடுவாங்க, கேள்வி வராது" என்கிறார். கலைமதி தலையிலும் பழியைப் போட்டுப் பங்கு பிரிக்கப் பார்க்கிறார். இதைக் கேட்ட அன்றுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நேற்று கடைக்கு வந்து சட்டைத் துணி கொடுத்தார். சந்தன நிறம். நிச்சயத்துக்குப் போட்டுக்கொள்ளவாம். என்னிடமே கொடுக்கிறார், அளவு எனக்குத்தான் தெரியுமாம்! வாங்கி வைத்துக்கொண்டேன். நிச்சயத்துக்கு நானும் வர வேண்டுமாம். மூத்தவள் சபையில் நின்று சம்மதம் சொன்னால்தான் மாமா தட்டு மாற்றுவாராம்.

நீ வர வேண்டாம். பரீட்சையோ என்னவோ அதைப் பார். இது என் வேலை.

செவ்வந்தி

*

புனே
5.11.2014

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருங்கள், உறுதியாக இருங்கள்.

அந்தத் துணியைக் கொளுத்திப் போடுங்கள். தைக்காதீர்கள். நான் படித்துப் படித்து அழுதேன், பிறகு ரூமில் இருந்த பக்கெட்டை உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம். டாக்டர் சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. நான் சொல்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன், ஆனால் ஆசிரியர் தரமாட்டேன் என்கிறார். காரணம் இருக்கிறது. நான் வாயடைத்து வைத்த பாசியெல்லாம் மறுபடி நீந்த ஆரம்பித்துவிட்டன. ஒரு வருஷ வேலை போச்சு. நாங்கள் ஒன்றும் மாற்றவில்லை. சீட்டைக் கிழிக்க நாங்கள் உள்ளே வைத்ததை அந்தச் செல்லே மெல்ல மெல்லச் செயலிழக்க வைத்துவிட்டது. இந்தப் பாசியில் இது அடிக்கடி நடப்பதுதான். ஆசிரியர் திட்டிக்கொண்டிருந்தார், எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அசையாத விந்தணுவையும் ஊசியால் எடுத்துக் கருமுட்டைக்குள் வைக்கிற வைத்தியம் இப்போது இருக்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். வேண்டும் என்றால் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள்.

அன்புடன்,
தமிழ்

*

திருவதிகை
4.1.2015

அன்பு தமிழுக்கு,

சுகமாக இருக்கிறேன். முகவரியைப் பார்த்துப் பயப்படாதே, என் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். தையல் மிஷினும் வந்துவிட்டது. உன் கால் வீக்கம் வடிந்ததா?

துணியை நான் கொளுத்தவில்லை. நல்ல துணி, பாவம். தைத்தேன். காலர், கை, பட்டன் காஜா எல்லாம் அவர் கல்யாணச் சட்டையைவிட நன்றாக வந்தது. ஷிப்ட் முடித்து ஓடிவந்து, குளித்துவிட்டுக் கண்ணாடிகூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் எப்போதும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

நெல்லிக்குப்பத்தில் கூடத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு நடுவில் இருந்தது. பங்காளி வீட்டுப் பெரியவர், "மூத்தவ என்னா சொல்லுது?" என்று கேட்டார். அதற்குள் உன் அண்ணன் போன் அடித்தது. அதை அணைத்துச் சட்டைப்பையில் போடப் போனார், கை நெஞ்சில் வழுக்கிக் கீழே இறங்கியது. மறுபடி போட்டார், மறுபடி வழுக்கியது. இடது பக்கம் பை இல்லை. பை வலது பக்கம் இருந்தது.

தங்கராசு மாமாதான் முதலில் சிரித்தார். "என்னா மாப்ள, பாக்கெட்டு எடம் மாறிப் பூடுச்சி? எந்த டைலரு தச்சது?" அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல காரியத்துக்குப் போடற சட்டைல வேணும்னே கோணலா தச்சிருக்கியா? பொறாமையாடி ஒனக்கு?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "சரியாத்தான் அத்த தச்சிருக்கேன். நெஞ்சுக்கு மேலதான பாக்கெட்டு வைப்பாங்க? ஒங்க புள்ளைக்கு நெஞ்சு அந்தப் பக்கம்தான் அடிக்குது. பெத்தவங்க நீங்களே கைய வச்சிப் பாருங்க" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தை திட்டிக்கொண்டே அவர் இடது நெஞ்சில் கை வைத்தார். அப்புறம் திட்டு நின்றது. கை மெல்ல நகர்ந்து பைக்கு மேல் போனது. "அய்யய்யோ, இங்க அடிக்குதே!" என்றார். முப்பத்து மூன்று வருஷம் வளர்த்த பிள்ளை!

கதவோரம் நின்றிருந்த கலைமதி நேராக நடுவில் வந்துவிட்டாள். பாடத்தில் படித்திருப்பாள் போல. "அத்தான், ஒங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து இருமலு, இல்ல? டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "காமிச்சேன்" என்றார். "என்னா சொன்னாரு?" என்றாள் அவள் விடாமல்.

அவர் என்னைப் பார்த்தார். வடலூரில் பார்த்த அதே பார்வை. மூன்று வருஷமாக அந்தப் பார்வைக்காகத்தான் நான் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இந்த முறையும் நான் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை, தமிழ். உனக்கு எழுதியதோடு சரி, சபையில் சத்தியத்தை மீறவில்லை. ஆனால் பார்வையையும் இறக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருமினார். பிறகு சொன்னார். "கொற அவகிட்ட இல்ல. எங்கிட்டதான். மூணு வருசமா எனக்குத் தெரியும்."

மாமா தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். அத்தை என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்தியாடி? முன்னாலியே சொல்லியிருந்தா இப்புடி ஊருக்கு நடுவுல நின்னிருப்பமா?" என்று கத்தினார். அதுவும் என் குற்றம்தான்! சொல்லாமல் இருந்தால் மலடி, சொல்லவைத்தால் குடும்பத்தைக் கெடுத்தவள். கலைமதி என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பண்ருட்டி பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

உன் அண்ணன் போன மாதம் இங்கே வந்தார். நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் மிஷினில் இருந்தேன், அவர் அந்தப் பக்கம் வெயிலில் நின்றார். சென்னைக்குப் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்தாராம், நீ எழுதியதைத்தான் சொன்னார்களாம். தினமும் சளி எடுக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். "வூட்டுக்கு வந்துடு செவ்வந்தி" என்றார்.

நான் சொன்னேன். "ஒங்க அம்மா நம்ம தெருவுல எந்தெந்த வூட்டுல என்ன மலடின்னு சொன்னாங்களோ, அந்தந்த வூட்டுக்கெல்லாம் போயி, கொற யாருக்குன்னு நீங்களே சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

செய்ய மாட்டார் என்றுதான் நினைத்தேன். நேற்று மறுபடி வந்தார். கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாராம். சில வீட்டில் சிரித்தார்களாம், ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்களாம். "விஜயகுமாரி அக்கா வூட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டேன். சன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினார். அந்த ஒரு வீடு மட்டும் பாக்கி.

நீ எழுதிய ஊசி வைத்தியத்தை இப்போது யோசிக்க மாட்டேன். அது வேண்டுமா வேண்டாமா என்று நான்தான் சொல்வேன். அவர் கேட்கவும் இல்லை, கேட்கிற தைரியமும் இல்லை.

அதே சந்தனச் சட்டையில்தான் வந்திருந்தார். பையை மாற்றித் தரச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. திரும்பிப் போகும் நேரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. சொம்பில் தண்ணீர் மொண்டு சன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். குடித்தார். "அந்த வூட்டுலயும் சொல்லிட்டு வாங்க" என்றேன். கதவைத் திறக்கவில்லை.

பாசி நீந்துகிறது என்று எழுதியிருந்தாய். ஆசிரியர் திட்டினால் திட்டட்டும். நன்றாகச் சாப்பிடு.

செவ்வந்தி